நாற்காலி ஓரத்துத் தகடு

கைப்பைக்குள் திருப்புளி இருக்கிறதா என்று இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் தெல்மா அந்தக் கதவைத் தள்ளினாள். அறுபத்தெட்டு வயதில் முதல் முறையாக ‘கிழட்டுக் கடா’ பப்புக்குள் கால் வைக்கிறாள்.

வைத்த கால் கம்பளத்தில் பிசுக்கென்று ஒட்டியது. புளித்த பீர் வாடையும் ஈரத்துணி வாடையும் சேர்ந்து குமட்டிக்கொண்டு வந்தது. உள்ளே யாரும் புகைக்கக் கூடாதென்று சட்டம் வந்து எத்தனையோ வருஷமாகியும் கூரையில் அந்தப் பழுப்பு அப்படியே இருந்தது.

அவளைவிட மூத்தவரான கடைக்காரர் நாரிஸ் பீர்க் குழாய்களுக்கு அடியில் சொட்டித் தேங்கியதை வாளியில் கொட்டிக்கொண்டிருந்தார். கையை இடுப்புத் துணியில் துடைத்துவிட்டு நீட்டினார். தெல்மா தன் கையைக் கோட்டுப் பையைவிட்டு எடுக்கவில்லை.

போன வாரம் அவர்தான் கடிதம் போட்டிருந்தார். பப்புக்கு நூறு வயது, பழைய வாடிக்கைக்காரர்கள் உட்கார்ந்த இடங்களில் பித்தளைத் தகடு பதிக்கிறோம், ஆக்ராய்ட் என்ற உங்கள் குடும்பப் பெயரும் உண்டு, சனிக்கிழமை விழாவுக்கு வாருங்கள் என்று எழுதியிருந்தார்.

வந்துவிட்டாள், விழாவுக்கு முன்னாலேயே. தகட்டைக் கழற்றி ஆற்றில் வீசிவிட்டுப் போகலாமென்று.

அவள் சிறுமியாக இருந்த காலத்தில் மில் சங்கு ஊதியதும் அப்பா வில்ஃப்ரெட் நேரே இங்கேதான் வருவார். அம்மா தேவாலயத்துப் பெண்களின் தையல் கூட்டத்துக்குக் கிளம்பிவிடுவாள். தெல்மா அடுப்படியில் தனியாக உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுவிட்டு ஜன்னலில் நிற்பாள். ஒன்பது மணிக்கு மேல் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தள்ளாடிக்கொண்டு சந்து திரும்புவார்கள். பாவம், அம்மா இந்த மனுஷனையும் தாங்கிக்கொண்டு வருகிறாளே என்று அவளுக்கு வயிறு எரியும்.

அம்மா செத்த பிறகு அவள் அப்பாவுடன் பேசவே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். குடித்துக் கெட்ட கிழவன் எப்படியோ போகட்டுமென்று இருந்துவிட்டாள். அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

“அவரு எங்க உட்காருவாரு?” என்று கேட்டாள்.

நாரிஸ் மூலையைக் காட்டினார். முதுகு சாய இடமில்லாத மொட்டை ஸ்டூல். பக்கத்தில் பால்கண்ணாடி போட்ட ஒரு கதவு. அந்தக் காலத்தில் பெண்கள் கூடத்தில் நின்று குடிக்க முடியாது. அவர்களுக்கென்று இந்தச் சின்ன அறை. பின்சந்து வழியாக வந்து பின்சந்து வழியாகப் போய்விடுவார்கள், கிளாஸ் மட்டும் ஒரு சிறு ஜன்னல் வழியே உள்ளே போகும். யார் இருக்கிறார்கள் என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும்.

அப்பா பார்த்துப் பிடித்த இடத்தை நினைத்தபோது அவளுக்கு அருவருப்பு இன்னும் ஒரு படி ஏறியது. ஸ்டூலைக் குனிந்து தடவினாள். தகடு எதுவும் இல்லை.

“தகடு உள்ள இருக்கு,” என்றார் நாரிஸ்.

“பொம்பளைங்க அறையிலயா? அங்கயும் நுழைஞ்சாரா அவரு?”

ஆண்கள் அதற்குள் போகக் கூடாது, வில்ஃப்ரெட் ஒரு நாளும் போனதில்லை என்றார் நாரிஸ். ஒரு கிளாஸ் வாங்கினால் மூன்று மணி நேரம் அதையே வைத்துக்கொண்டிருப்பார், பாதி அப்படியே திரும்பி வரும், கண் மட்டும் அந்தக் கதவைவிட்டு நகராது என்றார்.

தெல்மாவுக்கு நாக்கு கசந்தது. குடி மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். உள்ளே எவளோ ஒருத்தியும் இருந்திருக்கிறாள். தையல் ஊசியோடு தேவாலயத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவை நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

“அப்ப ஒருத்திக்காகத்தான் வந்திருக்காரு.”

“ஆமா கண்ணு. ஒருத்திக்காகத்தான்.”

“எங்கம்மாவுக்கு இது தெரியுமா?”

நாரிஸ் துணியை மடித்தார். தான் சாகிறவரை மகளிடம் வாய் திறக்கக் கூடாதென்று வில்ஃப்ரெட் இவரிடமும், இவருக்கு முன் கடை நடத்திய இவருடைய அப்பாவிடமும் சத்தியம் வாங்கியிருந்தாராம். இப்போது அவரே இல்லை, தகட்டையாவது போடுவோமென்று தோன்றியதாம்.

“அந்த அசிங்கத்துக்குத் தகடு வேறயா?” தெல்மா திருப்புளியை வெளியே எடுத்தாள். “கதவத் திறங்க. அவ பேரு என் கண்ணுல படட்டும்.”

“திட்டாத கண்ணு. அந்தப் பொம்பளைக்குக் கடைசி கிளாஸுக்கு மேல நிக்கவே முடியாது. தெருவுல விழுந்து ஊரு சிரிக்கக் கூடாதுன்னுதான் அவரு தெனமும் காத்துக் கெடந்து, தாங்கிப் பிடிச்சு, வீட்டுல கொண்டுபோய் விடுவாரு.”

“எந்த வீட்டுல? யாரு அவ?”

நாரிஸ் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

“உங்கம்மா.”