சூடம் அணைத்த கை

"அண்ணே, கேமரா ஓடுதுன்னு சொல்லுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

நல்லகாமன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார் ரூத் டீச்சர். பரவையில் அந்தத் தெருவுக்கே இது அதிசயம். போன மாதம் இதே மனுஷனை ஊர் பார்க்க நாறடித்தவர் அவர்தான்.

தெருமுனைக் கம்பத்தில் நலச்சங்கம் ஒரு கேமரா மாட்டியிருந்தது. போகிற வருகிற வண்டியின் நம்பரை எல்லாம் படித்து, செயலாளர் நல்லகாமனின் செல்லுக்கு அனுப்பிவிடும். எழுமலையில் காடு கரையை விற்றுவிட்டு இங்கே வந்து தீவனக் கடை வைத்தவர் அவர். தொழுவத்து மாட்டை அறிந்து வைத்திருக்கிற மாதிரி தெருவில் இருந்த அத்தனை வண்டியையும் அறிந்து வைத்திருந்தார்.

ஒருநாள் பால் வாங்கப் போன இடத்தில் சும்மா இருக்காமல் கேட்டார். "என்ன டீச்சர், சார் ஆபீஸுக்குப் போறதில்லையா? நீங்க ஸ்கூலுக்குப் போனதும் வண்டி திரும்பி வந்துருது. பெறகு போறதும் வாரதுமா இருக்கு."

டீச்சருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்துவிட்டார்.

"யார் எங்க போறா, யார் வீட்டுக்கு யார் வாரான்னு பார்க்க உங்களுக்கு யாருங்க உரிமை கொடுத்தா? இதுக்குப் பேர் பாதுகாப்பு இல்ல, வேவு."

பேசியதில் நியாயம் இருந்தது. ஆனால் பேச வைத்தது வேறு. அவருடைய கணவர் ஜெரால்ட் சார் திமில் காயினில் விழுந்திருந்தார். செல்லிலேயே வாங்கி விற்கிற கிரிப்டோ காசு; யாரோ கேலிக்கு ஆரம்பித்தது. கூலிங்கிளாஸ் போட்ட ஜல்லிக்கட்டுக் காளைதான் அதற்கு முகம். ஒரு வாரம் துள்ளிக்கொண்டு ஏறியதைப் பார்த்து, டீச்சரின் நகையும் கூட வேலை பார்த்தவர்கள் நம்பிக் கொடுத்ததும் அதற்குள் போயின. பிறகு ஒரே சாயங்காலத்தில் காளை படுத்துவிட்டது.

அதிலிருந்து கொடுத்த பணத்தைக் கேட்டு வீட்டு வாசலில் யார் யார் வண்டியோ வந்து நின்றது. அந்த நம்பர்கள் தெருவுக்குத் தெரிந்துவிடக் கூடாது. டீச்சரின் கொதிப்பெல்லாம் அதற்குத்தான்.

"சரி டீச்சர், நிறுத்திருறேன்" என்றார் நல்லகாமன்.

"நீங்களா? நிறுத்தின மாதிரி நடிப்பீங்க. அடுத்த வீட்டை எட்டிப் பார்த்து ருசி கண்ட கண்ணு சும்மா இருக்குமா?"

மனுஷனுக்கு முகம் சுண்டிப்போனது. வீட்டுக்குப் போய்ச் சூடம் எடுத்து வந்தார். கூட்டத்துக்கு நடுவிலேயே தரையில் ஏற்றி, "கருப்பன் சத்தியமா இனி அது ஓடாது" என்று எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

டீச்சர் சிரித்துவிட்டார். "உண்மை பேசுறவங்களுக்குச் சூடம் எதுக்கு? இந்த நாடகமெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்ல."

இன்றைக்குக் காலையில் ஜெரால்ட் சார் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். செல்லை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கல்யாண மோதிரத்தைக் கழற்றி அதன் மேல் வைத்திருந்தார்.

"ஸ்டேஷன்ல என்ன சொல்றாங்க டீச்சர்?"

"எந்தப் பக்கம் போனார்னு தெரிஞ்சா இப்பவே ஆள் அனுப்புறோம்னாங்க. மெயின் ரோட்டுக் கடைக் கேமராவெல்லாம் வாங்கிப் பார்க்கச் சாயங்காலம் ஆயிருமாம்." டீச்சர் தெருமுனையைக் கை காட்டினார். "தெருமுனையில வலது பக்கம் திரும்பியிருந்தா டவுன். ஏதாவது பஸ் ஏறி எங்கயாவது உசிரோட இருப்பார். இடது பக்கம்னா..."

வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு கால்வாயில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

நல்லகாமன் செல்லை எடுக்கவில்லை.

பால் வாங்கப் போன இடத்தில் இவர் அன்றைக்குச் சொன்னது வம்பில்லையோ, வீட்டுக்காரரைக் கவனி என்று சொல்ல வந்தாரோ என்று டீச்சருக்கு இப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன செய்ய?

"அண்ணே, நீங்க நிறுத்தியிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். யாருக்கும் தெரியாம ஓட விட்டிருப்பீங்க. அதுதான உங்க குணம்?" வசவு மாதிரியும் இருந்தது, ஜெபம் மாதிரியும் இருந்தது. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பொய்ச் சத்தியம்தான் பண்ணுனேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

எதிரில் நிற்கிற மனுஷன் பொய்யனாக இருக்க வேண்டும் என்று ரூத் டீச்சர் கர்த்தரை வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

நல்லகாமன் உள்ளே போய் வண்டிச் சாவியோடு வந்தார்.

"நீங்க பஸ் ஸ்டாண்டுக்கு யாரையாவது கூட்டிக்கிட்டுப் போங்க டீச்சர். நான் கால்வாய்ப் பக்கம் போறேன்."

"அப்போ கேமரா?"

அவர் வலது கையை விரித்தார். உள்ளங்கையில் சூடம் சுட்ட இடம் இன்னும் கறுத்துக் கிடந்தது.

"அன்னிக்கே ஒயரைப் பிடுங்கிட்டேன் டீச்சர்."