திங்கட்கிழமைக்குள் நீச்சல்

"இறங்குடி! தண்ணி என்ன கடிச்சா வைக்கும்?"

நீச்சல் குளமே திரும்பிப் பார்த்தது. ஆழமில்லாத பக்கம் அது. கைகளில் காற்றுப் பை மாட்டிய பொடிசுகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. அவர்களுக்கு நடுவே, பள்ளிப் படிப்பை முடித்த பெண் ஒருத்தி ஏணிக் கம்பியைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். கரையில் நின்று கத்தியவர் அவளைப் பெற்ற அப்பா. கட்டட கான்ட்ராக்டர்.

நீச்சல் கோச்சுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல நாளிலேயே அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்த மாதம் கேட்கவே வேண்டாம். அவள் பார்த்துப் பார்த்துத் தயார் செய்த மாணவி, குளத்தில் எல்லோரும் மீன்குட்டி என்று கூப்பிடும் பெண், மலை மேலிருக்கும் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். 'இடமில்லை' என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. அன்றிலிருந்து கோச் கண்ணில் பட்டவரையெல்லாம் கடித்துக் குதறிக்கொண்டிருந்தாள்.

"சார், முதல்ல ஷூவைக் கழட்டுங்க. அப்புறம் வாயை மூடுங்க. இங்க கத்துறதுக்குச் சம்பளம் வாங்குறவ நான் ஒருத்திதான்."

"உங்களுக்கு அவசரம் புரியல மேடம். அடுத்த திங்கக்கிழமை இவ யுனிவர்சிட்டி குளத்துல இறங்கியாகணும். இறங்கலேன்னா சீட்டு காலி!"

"எந்த யுனிவர்சிட்டி?"

அவர் மலை இருந்த திசையில் விரலை நீட்டினார். கோச்சுக்கு வயிறு எரிந்தது. நூறு பேர் முட்டி மோதினால் இரண்டு மூன்று பேரைத்தான் உள்ளே விடும் இடம்.

"ஓ, சேர்ற பிள்ளைங்க எல்லாருக்கும் நீச்சல் தெரியணுமா? சில இடத்துல அப்படி ஒரு பரீட்சை வைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்," என்றார் அவர் எரிச்சலோடு. "இன்னும் ரெண்டு ஆளை இறக்குங்க மேடம். ராத்திரி பகலா வேலை பார்த்தா ஒரு வாரத்துல முடியாதா?"

"இது என்ன காங்கிரீட் போடுற வேலையா? அவசரத்துல அண்டாவுக்குள்ளேயும் கை போகாது சார்!"

"எனக்கு அந்த சீட்டே வேண்டாம்ப்பா!" ஏணியிலிருந்து மகள் அலறினாள். "வர்ற மார்க்குக்கு எந்தக் காலேஜ் கிடைக்குதோ அதுல படிச்சுக்கறேன்னு அப்பவே சொன்னேன். கேட்டியா?"

"வாயைத் திறந்தே, தள்ளி விட்டுடுவேன்! யார் யார் காலைப் பிடிச்சு வாங்கின சீட்டு இது!"

இரண்டு பேரையும் வெளியே துரத்திவிடத்தான் கோச் நினைத்தாள். ஆனால் உதடு நீலம் பாரித்து நின்ற அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நம்ம பிள்ளைக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை, இதாவது போய்ச் சேரட்டும் என்று தோன்றியது.

"ஏய் மீன்குட்டி! வா, இவ கையைப் பிடி."

ஆழமான பக்கத்திலிருந்து மீன்குட்டி ஒரே மூச்சில் வந்து சேர்ந்தாள். "பயப்படாத. உங்கப்பா பக்கம் திரும்பாத, என்னைப் பாரு. ம், மூச்சை விடு," என்றாள்.

வாரம் முழுக்க இதே கூத்துதான். அப்பா உள்ளே வந்து கத்துவார். கோச் அவரை வாசல் வரை விரட்டிவிட்டு வருவாள். மகள் தண்ணீரைக் குடித்து, இருமி, அழுது, "அந்த ஆளு மூஞ்சியில முழிக்கவே பிடிக்கல" என்று பல்லைக் கடிப்பாள். மீன்குட்டி மட்டும் சளைக்கவில்லை. தன் பயிற்சியை ஓரங்கட்டி வைத்துவிட்டு அவள் கூடவே கிடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் கையைக் காலை உதைத்து, பாதித் தண்ணீரை வெளியே இறைத்து, ஒரு வழியாகக் குளத்தின் அகலத்தைக் கடந்து சுவரைத் தொட்டாள். மீன்குட்டி பாய்ந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பொடிசுகளெல்லாம் கைதட்டின.

"போதும். பரீட்சைக்கு இது தாராளம்," என்றாள் கோச்.

"இதுவா? இதையா நாளைக்கு அங்க போய்க் காட்டுறது?" அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "மானம் போயிடும்! ஒரு வாரமா என்னத்தைத்தான் சொல்லிக்கொடுத்தீங்க?"

அவ்வளவுதான், கோச் வெடித்துவிட்டாள்.

"என்னத்தையா? உங்க பொண்ணைக் கைப்பிடிச்சு நீந்த வச்சாளே, இவ யாருன்னு தெரியுமா உங்களுக்கு? இதே யுனிவர்சிட்டிதான் இந்த மாசம் இவளை வேண்டாம்னு சொல்லுச்சு. நீச்சல் கோட்டாவுல பொண்ணுங்களுக்கு இருக்கறது ஒரே ஒரு சீட்டு. எவளோ வெளிநாட்டுல மெடல் வாங்கின சாம்பியனாம், அவளுக்குத் தூக்கிக் கொடுத்துட்டாங்க. இவளுக்கு எவ்வளவு ஆத்திரம் இருக்கும்? அதுல ஒரு சொட்டாவது உங்க பொண்ணுகிட்டக் காட்டினாளா? முதல்ல இவளுக்கு நன்றி சொல்லுங்க!"

அப்பா ஷூவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

மகள் மீன்குட்டியின் முகத்தையே பார்த்தாள். பிடித்திருந்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். பிறகு கரையைப் பார்த்துக் குளமே அதிரக் கத்தினாள்.

"ஏன் குனியறே? சொல்லுப்பா! அந்தச் சாம்பியன் நான்தான்னு இவகிட்டச் சொல்லு!"