பிள்ளையின் வாயில் வாடை

பல் முளைக்கும் வலியில் காலையிலிருந்து அழுத பிள்ளை ஒருவழியாகத் தூங்கியது. முத்தமிடக் குனிந்த சரண்யாதேவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளையின் வாயில் பிராந்தி வாடை.

மாமனார் கருத்தக்கண்ணன்தான் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, புள்ள ஈறுல பிராந்தியத் தடவுனீங்களா?”

“ஈரத்துணியாலதான் தொடச்சுவிட்டேன் தாயி. நான் குடிய விட்டு வருசமாச்சே.”

“நீங்க குடிச்ச லட்சணம் ஊருக்கே தெரியும். இனிமே எம்புள்ளகிட்ட வராதீங்க.”

அவர் பையை எடுத்துக்கொண்டு தன் ஊரான அலங்காநல்லூருக்குப் பஸ் ஏறக் கிளம்பிவிட்டார்.

சற்று நேரத்தில், காலையில் வந்துபோன அவள் அம்மா போன் செய்தாள்.

“பேரன் தூங்குறானாடி? நீ குளிக்கப் போனப்ப ரெண்டு சொட்டுப் பிராந்திய ஈறுல தடவிவிட்டேன். சொன்னா நீ கத்துவ.”

சரண்யாதேவி மறுபடி அழத் தொடங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆனையூர் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். கருத்தக்கண்ணன் அங்கேதான் நின்றிருந்தார்.

“மாமா, எங்கம்மாதான்...” தலைகுனிந்தாள்.

பிள்ளை அவரிடம் தாவியது. நீட்டப்போன கைகளைப் பாதியிலேயே மடக்கிக்கொண்டு அவர் கேட்டார்:

“நான் வாங்கலாமா தாயி?”