எடுக்காத விரதம்

இதை எங்கே தொடங்கினாலும் தப்பாகச் சொல்லிவிடுவோம் என்றுதான் மருதேவிக்குப் பயம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கடிதத்திலிருந்து ஆரம்பித்தால் அவள் கெட்டவளாகத் தெரிவாள். குளத்திலிருந்து ஆரம்பித்தால் பாவப்பட்டவளாகத் தெரிவாள்.

குளத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

மகன் தர்மநாதன் சென்னையில் விலங்கியல் எம்.எஸ்ஸி. படிக்கிறவன். லீவுக்குச் செஞ்சி வந்தவன், செட்டிக்குளத்துப் படியில் அவளை உட்கார வைத்தான்.

"அம்மா, நான் முங்கினதும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே வா. வேகமா எண்ணாத."

"இன்னாத்துக்குடா?"

"மூச்சு அடக்கிப் பழகறேன். தெக்க மண்டபம்னு ஒரு கடலோர ஊரு, அதுக்கு அந்தாண்ட ஒரு தீவு இருக்குது. எங்க புரொபசர் நாலு பேரைக் கடலுக்கடியில கூட்டிட்டுப் போறாரு. முதுகுல காத்து அடைச்ச உருளை, வாயில குழாய். அரைமணி நேரம் அடியிலேயே இருக்கலாம்."

"காத்து தீந்துட்டா?"

"மேல வந்துடுவேன்."

"மேல வர்றதுக்குள்ள தீந்துட்டா?"

சிரித்துக்கொண்டே முங்கிவிட்டான்.

அறுபது வரைக்கும் எண்ணினாள். தண்ணீர் அசையவில்லை. எழுபதில் எழுந்து நின்றுவிட்டாள். எண்பதில் எண்ணுவதை விட்டுவிட்டு அலறினாள்.

எதிர்க்கரையில் தலை தெரிந்தது. "எவ்ளோம்மா?" என்று கத்தினான்.

அவளுக்கு எண் மறந்துபோயிருந்தது.

கணவர் ஜினதாஸ் அன்றைக்கே சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். "நம்ம தெருவுல எவன் கடலுக்குள்ள போயிருக்கான்? போயிட்டு வரட்டுமே."

மருதேவி விடவில்லை. "அங்க மீனைப் பிடிக்கச் சொன்னா இன்னாடா பண்ணுவே?"

"பிடிக்கறதெல்லாம் இல்லம்மா. பார்க்கறது மட்டுந்தான். கடல்குதிரையை உயிரோட பார்க்கப் போறேன்."

"பொழுது சாய்ஞ்சா நீ சாப்பிட மாட்டியே. உனக்காக யாரு ஆக்கிப் போடுவா?"

"நாம ஜைனருங்க, இருட்டினா சாப்பிட மாட்டோம்னு அதையும் சொல்லிட்டேன். எனக்காக எல்லார் சாப்பாட்டையுமே அஞ்சு மணிக்கு மாத்திட்டாரு எங்க புரொபசர் இராமச்சந்திரன் சார். விரதம், வழக்கம்னு சொல்லிட்டா ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாரு."

அந்த வார்த்தை மருதேவியின் மனசில் ஒட்டிக்கொண்டது.

காலண்டர் தாளின் பின்பக்கம் அவன் தீவை வரைந்தான். பக்கத்தில் ரயில் நேரம் எழுதினான். அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறினான். தலை சீவும்போதெல்லாம் அந்தத் தீவு அவள் கண்ணில் பட்டது.

மூன்றாம் நாள் ஒரு இன்லண்ட் கடிதம் வாங்கி வந்து, எழுத்துக் கூட்டி எழுதினாள்.

'புரொபசர் ஐயாவுக்கு. என் மகன் சித்தாமூர்த் தேருக்குப் போனபோது ஒரு விரதம் எடுத்துக்கொண்டான். வடிகட்டாத தண்ணீரில் இறங்குவதில்லை என்று. உங்களிடம் சொல்ல வெட்கப்படுகிறான். நீங்களே அவனை விட்டுவிட வேண்டும்.'

விரதம் பொய். பயம் மட்டும்தான் நிஜம்.

அடுத்த மாதம், தீவுக்குப் போயிருக்க வேண்டிய நாளில் தர்மநாதன் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றான்.

"போகலப்பா. கடைசி நேரத்துல பயமாப் போச்சு."

ஜினதாஸ் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. தெரு பேசியது. "குளத்துல ஆடின ஆட்டமென்ன! கடலைப் பார்த்ததும் கால் உதறிடுச்சாம்" என்று பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு குழாயடியில் சிரித்தாள்.

மருதேவிக்கு நெஞ்சு லேசானது. கடிதம் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது, பிள்ளைக்கே பயம் வந்துவிட்டது, பகவான் காப்பாற்றினார்.

நாலாம் நாள் காலை கொல்லைப்பக்கம் போனாள். கிணற்றடியில் தர்மநாதன் அண்டாவின் வாயில் வெள்ளைத்துணியைக் கட்டி, வாளி வாளியாகத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தான். முடித்ததும் துணியைத் திருப்பிப் பிடித்து, ஒட்டியிருக்கும் சின்ன உயிர்கள் திரும்பக் கிணற்றுக்கே போகும்படி அலசி விட்டான். அவள் குடிதண்ணீருக்குச் செய்கிற மாதிரியே.

"இன்னாடா இது? குளிக்கிறதுக்கா? குளத்துக்குப் போகலியா?"

"இனிமே குளத்துல இறங்க மாட்டேம்மா."

"ஏன்?"

"நீதானே எழுதியிருந்தே."

அவன் துணியை உதறிப் பிழிந்தான்.

"சார் கடிதத்தைக் காட்டி, நிஜமான்னு கேட்டாரு. அவரு கேக்கறவரே இல்ல, ஆனா கேட்டாரு. நிஜந்தான் சார்னு சொல்லிட்டேன். எங்கம்மா பொய் எழுதினாங்கன்னு எப்படிச் சொல்றது?"

"அப்போ, பயந்துட்டேன்னு ஊர்ல சொன்னது..."

"விரதம்னு சொன்னா, எப்ப எடுத்தேன்னு கேட்டு அப்பா உன் கடிதத்தைக் கண்டுபிடிச்சிடுவாரும்மா. பயம்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. நானே அவருக்கு எழுதறேன்டா. அடுத்த தடவை..."

"வேணாம். அன்னிக்கே நிஜமாவே விரதம் எடுத்துட்டேன். இப்ப நீ எழுதினது பொய்யில்ல."

அடுத்த வாளியை அவன் கிணற்றில் விட்டான். மருதேவி ராட்டினத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு ஆளிடம் உண்மையைச் சொன்னால் போதும், தெருவே அறிந்துவிடும். பிள்ளையின் பெயர் மீண்டுவிடும். தன் பெயர் கெட்டாலும் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

அதற்கென்றே வந்ததுபோல் வேலிக்கு மேலே அம்மாக்கண்ணுவின் தலை தெரிந்தது.

"இன்னாக்கா, உன் பிள்ளை கிணத்தடிக்கே வந்துட்டான்? குளத்துல இறங்கக்கூடப் பயமா?"

தர்மநாதன் வாளியைப் பிடித்தபடி அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

மருதேவி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா அம்மாக்கண்ணு. சின்னதுலேர்ந்தே அவனுக்குத் தண்ணின்னா பயம்."