கட்டைவிரலில் ஒரு கறுப்புக் கோடு

டாக்டரின் பூதக்கண்ணாடிக்கு அடியில், வெள்ளை வெளிச்சத்தில், தச்சரின் இடது கட்டைவிரல் நீண்டு கிடக்கிறது. நகத்தின் குறுக்கே அல்ல, நெடுக்காக ஒரு கறுப்புக் கோடு. நகத்தின் வேரைத் தாண்டித் தோலிலும் மை போலக் கசிந்திருக்கிறது. "சுத்தியல் அடிதான் டாக்டர், போன வருஷம் பட்டது," என்று மனைவி முந்திக்கொள்கிறாள். "இவர் ஆணியை அடிச்சதைவிட விரலை அடிச்சதுதான் ஜாஸ்தி." தச்சர் சிரிக்கிறார். டாக்டர் சிரிக்கவில்லை. "ரத்தக்கட்டுன்னா நகம் வளர வளர முன்னால நகர்ந்து போயிருக்கணும்மா. இது அங்கேயே நின்னு அகலமாகியிருக்கு. மெலனோமாவா இருக்கலாம். தோல்ல வர்ற புற்றுநோய். சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்." மனைவியின் கை தச்சரின் சட்டை நுனியைக் கசக்குகிறது. "விரலை எடுத்துட்டா சரியாயிடும்ல டாக்டர்? எடுத்துடுங்க. ஆள் இருந்தாப் போதும்." "வேற எங்கயும் பரவியிருக்கான்னு முதல்ல பார்க்கணும்மா," என்று டாக்டர் தச்சரின் கையைத் தூக்கி அக்குளில் அழுத்துகிறார். அழுத்திய இடத்திலேயே அவர் விரல்கள் நின்றுவிடுகின்றன. கோலிக்குண்டு அளவில் ஏதோ கெட்டியாக இருப்பது தச்சருக்கே தெரிகிறது. "வலிக்குதா?" "இல்லைங்க." மனைவியின் முகம் சட்டென்று மலர்கிறது. "வலியே இல்லையாம் டாக்டர்! அப்போ பயமில்லைல்ல?" டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்ட தச்சர், அவள் பக்கம் திரும்பாமல் சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கிறார்.