நாற்பத்தேழாம் டோக்கன்

கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலை. உலையின் வெப்பத்தைக் கண்காணிக்கும் மென்பொருளை, புது லினக்ஸ் கணினியில் ஓடும்படி, ஹெலன் அதன் மூல நிரலிலிருந்து கம்பைல் செய்துகொண்டிருந்தாள். இல்லையென்று அது கேட்ட துணை நிரல்களை, லைப்ரரிகளை, ஒவ்வொன்றாகப் போட்டாள். கடைசியில், ‘டோக்கன் 47 இல்லை’ என்று நின்றுவிட்டது.

ஃபோர்மேன் ராஜமாணிக்கம் திரையையே பார்த்தார்.

“இங்க வேல பாத்த எபினேசரு டோக்கன்மா அது. உலை வெடிச்ச அன்னிக்கி வேலைக்கு வந்து ‘உள்ளே’ பலகையில மாட்டினாரு. ‘வெளியே’ பலகையில மாட்டவேயில்ல.”

“இப்ப இன்னா சார் பண்றது?”

“டோக்கன் மாட்டாம இங்க எந்த வேலயும் ஓடாதும்மா.”

டிராயரிலிருந்து 47 பொறித்த அந்தப் பித்தளை டோக்கனை எடுத்துப்போய் ‘உள்ளே’ பலகையில் மாட்டினார். கம்பைல் ஒரு பிழையுமின்றி முடிந்தது.

மாலை ஷிப்டு முடிந்து, எல்லோரும் தங்கள் டோக்கனை ‘வெளியே’ பலகைக்கு மாற்றிவிட்டுப் போனார்கள். 47ஐ எடுத்துவைக்க இருவரும் வந்தார்கள்.

‘உள்ளே’ பலகை காலியாக இருந்தது. ‘வெளியே’ பலகையின் கடைசி ஆணியில் 47 இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.