சோப்பு நுரை

அவர் குந்தி உட்காரும்போது இரண்டு முழங்காலும் சொடுக்கின.

தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். தினமும் இதே பாடுதான்.

அந்தக் காய்ச்சல் வந்து போனதில் கணவன் மனைவி இரண்டு பேரும் பிழைத்தார்கள். அவளுடைய மூக்கு மட்டும் பிழைக்கவில்லை.

பெருங்காயம் இல்லை. மல்லிகை இல்லை. பால் அடிபிடித்தாலும் தெரிவதில்லை.

எதிர்வீட்டில் என்ன குழம்பு என்று படுத்தபடியே சொன்னவள். இப்போது சொந்த அடுப்பைப் பற்றவைக்க ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது.

சிலிண்டருக்குள் இருக்கிற புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் தனியாக மணமே கிடையாதாம். கசிந்தால் மனிதருக்குத் தெரியட்டுமென்று அந்த நாற்றத்தை யாரோ கலந்து அனுப்புகிறார்கள்.

யாருக்கோ அனுப்புகிறார்கள். அவளுக்கு இல்லை.

காற்றைவிடக் கனமான வாயு. கசிந்தால் தரையோடு படுத்துக் கிடக்கும். அதனால்தான் அவர் குந்துகிறார். கண்ணை மூடி, மூக்கை விடைத்து, நாலு பக்கமும் இழுத்துப் பார்க்கிறார். பிறகு ஒரு சொல். அதைச் சொல்வதில் ஒரு பெருமை வேறு.

அந்தப் பெருமைதான் அவளுக்கு ஆகவில்லை.

நேற்று புது சிலிண்டர் கொண்டுவந்தவர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்: சோப்பு நுரை தடவினால், கசிகிற இடத்தில் குமிழி விடும். இன்று கணவரைக் கூப்பிடுவதற்கு முன்பே, ரெகுலேட்டரைத் திறந்துவிட்டு, டியூப் சேருமிடத்தில் சோப்பு நுரையைத் தடவி வைத்தாள். நாளையிலிருந்து இந்த மனிதரின் மூக்கை நம்ப வேண்டாம். இன்றைக்கே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும்.

அவர் கண்ணை மூடினார். இழுத்தார்.

நுரையில் ஒரு குமிழி புடைத்தது. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று.

"ஒண்ணுமில்ல செண்பகம். பத்த வை."

அவள் கை தீப்பெட்டியோடு அப்படியே நின்றது.

முந்தாநாள் சாம்பார் ஊசிப் போயிருந்தது. மேலே நுரைத்திருந்ததை அவள் பார்க்கும்போது அவர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டு முடித்திருந்தார். குறை சொல்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டாள்.

இத்தனை நாளும்.

கோபத்தில் வாயெடுத்தாள். கீழே பார்த்தாள். சொல்லி முடித்த பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. நெற்றி சுருங்க, இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்.

அவள் ரெகுலேட்டரை மூடினாள். முந்தானையால் நுரையைத் துடைத்தாள். ஜன்னலையும் கொல்லைக் கதவையும் விரியத் திறந்தாள்.

"கொஞ்சம் காத்து வரட்டும்" என்றாள்.

"ஆமா, புழுக்கமாத்தான் இருக்கு."

மார்கழிக் குளிர் உள்ளே வந்தது.

அவர் எழுந்திருக்க அவள் கை கொடுத்தாள்.